தனியாகப் பிழைத்த ஹார்ட் டிஸ்க்

ஒரு மேசையில் லேப்டாப்பும், வயரால் அதோடு இணைந்த ஹார்ட் டிஸ்க்கும் குடியிருந்தன. அதுவரை கல்யாண போட்டோக்களைச் சுமந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒருநாள் கம்ப்யூட்டரையே இயக்கும் லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றிவிட்டார்கள். அதற்குத் தலைகால் புரியவில்லை.

"இனி நானும் கம்ப்யூட்டர்தான்!"

லேப்டாப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் கரண்ட்டைக் குடிச்சிட்டு என்கிட்டயே பவுசா? வெளியே போடா!"

"போறேன். தனியாப் பொழைச்சுக் காட்டுறேன். மவுஸண்ணே, வயரைப் பிடுங்குங்க!"

பேட்டரியில் ஓடும் மவுஸ் முட்டி முட்டி வயரைக் கழற்றியது. ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு பொசுக்கென்று அணைந்தது.

மறுநாள் லேப்டாப்பை ஆன் செய்தார்கள். அதற்கு விழிப்பு வந்தது, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. எந்த சிஸ்டத்தை எழுப்புவது என்ற குறிப்பு, லினக்ஸை ஏற்றியபோதே ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விட்டது. கறுப்புத் திரையோடு அது இரண்டு நாள் விழித்தபடி கிடந்தது.

"தம்பி, வாப்பா," என்று கெஞ்சியது.

"கரண்ட் இல்லாம அவன் எப்படிப் பேசுவான்?" என்று மவுஸே வயரைத் திரும்பச் செருகியது.

ஹார்ட் டிஸ்க் கண்ணைத் திறந்தது. "பார்த்தியா, தனியா எவ்வளவு நிம்மதியா இருந்தேன்!"

"நானும்தான் தம்பி," என்றது லேப்டாப், அவசரமாக எழுந்துகொண்டே. "ரெண்டு நாளா நல்ல ரெஸ்ட்."