உச்சியில் நாற்பது குழி

வெயில் மலையேறினால் காடும் மலையேறியாக வேண்டும். காட்டுக்குக் கால் கிடையாது. தெய்வானைக்கும் அவள் கணவன் காத்தமுத்துவுக்கும் உண்டு. ஆண்டுதோறும் செடிகளை வேர்மண்ணோடு தோண்டி, முதுகில் சுமந்துபோய், இன்னும் சற்றுக் குளிர்ந்த உயரத்தில் நடுவதுதான் அவர்கள் வேலை. வனத்துறை கொடுத்த பட்டியலில் இல்லாத காட்டுப்பூவரசு ஒன்றையும் ஆறு ஆண்டுகளாக அவள் சேர்த்தே சுமந்தாள். அடிவார முகாமில் வெக்கை தாங்காமல் செத்துப்போன மகளின் குழிமேட்டில் முளைத்த கன்று அது.

இந்த ஆண்டு உச்சிக்கே வந்துவிட்டார்கள். பாறைகளுக்கு நடுவே மண் இருந்த இடமெல்லாம் தோண்டியும் நாற்பது குழிதான் தேறியது. பட்டியலிலும் நாற்பது செடி.

"இதுக்கு மேல வானந்தான் இருக்கு. பிள்ளையக் கீழயே விட்டுருவோம்," என்றான் காத்தமுத்து.

"கீழ எல்லாம் கருகிப்போச்சு. அவளும் கருகணுமா?"

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனான்.

கடைசிக் குழியருகே முழங்கால் உயரச் செடி ஒன்று கிடந்தது. அதில் கட்டியிருந்த தகட்டில், 'உலகில் மிச்சம்: 1' என்று எழுதியிருந்தது. தெய்வானை அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தகட்டை அவிழ்த்துக் காட்டுப்பூவரசில் கட்டிவிட்டு, அந்தச் செடியைப் பள்ளத்தில் வீசினாள்.

மாலையில் மேற்பார்வையாளர் வந்து ஒவ்வொரு தகடாகத் தொட்டு எண்ணினார்.

"நாப்பதும் இருக்கு. ஒண்ணுகூடச் சாகல. உனக்குக் கைராசிம்மா!"