தொட்டித் தண்ணீர்

ஓசூரில், தகரக்கூரை ஜெபவீட்டுக்குப் பின்னால் உள்ள சிமெண்டுத் தொட்டியில், ஞானஸ்நானத்துக்காக இடுப்பளவு நீரில் நிற்கிறாள் முனிலட்சுமி. காலை வெயில் நீரில் பட்டு அவள் முகத்தில் நடுங்குகிறது. இயேசுவின் மூதாதையரில் ராகாப் என்ற வேசியும் உண்டு என்று போதகர் சற்றுமுன் பிரசங்கித்தபோது எல்லோரும் ஆமென் சொன்னார்கள். "உங்கப்பா பேரு என்னம்மா?" என்று ஜெபிப்பதற்காக அவர் கேட்கிறார். "தெரியாதுங்கய்யா. எங்கம்மாவும் அந்த ராகாப் மாதிரிதான் பொழச்சாங்க." கைத்தட்டலும் பாட்டும் நின்றுவிடுகின்றன, நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. அடுத்து இறங்க வேண்டிய பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்வாங்குகிறாள். "தண்ணிய மாத்திருங்கய்யா, அப்பறமா நான் எறங்கறேன்." போதகரின் உயர்த்திய கை முனிலட்சுமியின் தலையைத் தொடாமல் நிற்கிறது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தானே மூழ்குகிறாள்.