கப்பலில் வந்த மனைவி

ஸ்பெயின்காரர்கள் கடல் கடந்து குடியேறிய சாண்டோ டொமிங்கோ தீவில் கவர்னரின் உத்தரவு வந்துவிட்டது. ஸ்பெயினில் மனைவியை விட்டுவிட்டு வந்தவர்கள் அவளை இங்கே வரவழைக்க வேண்டும். இல்லையென்றால் நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு ஊருக்குக் கப்பலேற வேண்டும்.

தன்னோடு வாழும் தீவுப் பெண் இனேஸிடம் மெல்சோர் விஷயத்தைச் சொன்னான்.

"அப்ப நானும் பிள்ளைங்களும்?"

"உன் அண்ணன் வீட்டுல போய் இரு. லியோனோர் மனசு நோகக் கூடாது. பன்னெண்டு வருஷமா எனக்காகக் காத்திருக்கா, பாவம்."

"இத்தனை நாள்ல அவ பேரைக்கூட நீ சொன்னதில்லையேய்யா!" என்ற இனேஸ், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கப்பல் வந்தது. கவர்னரின் அதிகாரியும் கரையில் நின்றார்.

"மெல்சோர் சம்சாரம்!" என்று மாலுமி கூவ, மூட்டையோடு ஒரு பெண் இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மெல்சோர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான்.

"லியோனோர்! நீ கொஞ்சங்கூட மாறவே இல்லையே!"

"இனிமே நிலம் உனக்குத்தான்யா" என்று வாழ்த்திவிட்டு அதிகாரி நகர்ந்தார்.

அவள் அவன் காதோரம் சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க ஐயா, நான் லியோனோரம்மாவோட வேலைக்காரி. அவங்க வரமாட்டேன்னுட்டாங்க. 'பயப்படாமப் போடி, அந்த மனுஷனுக்கு என் முகம் ஞாபகமே இருக்காது'ன்னு அவங்கதான் என்னை அனுப்பி வெச்சாங்க."