பதினெட்டு கிலோ தண்ணீர்

மேலே மறுபடியும் சம்மட்டி விழுந்தது.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வேதியியல் ஆசிரியருக்கு எரிச்சல் தலைக்கேறியது. மாடியில் குளியலறைத் தரையை உடைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய சொந்த அண்ணன். உடைக்கச் சொல்லி அனுப்பியவர் இவர்தான்.

குளிர் தொடங்கியதிலிருந்து இவர் வீட்டு சீலிங்கில் ஈரம் பூத்துச் சொட்டுகிறது. மேலே குழாய் ஒழுகாமல் வேறென்ன? இல்லவே இல்லை என்று அண்ணன் சத்தியம் செய்தார். பேச்சு முற்றி, முகத்தில் முழிப்பதுகூட நின்றுபோனது.

விடைத்தாள்கள் அதைவிடக் கொடுமை. பதினொரு கிலோ புரோப்பேன் கேஸ் முழுதாக எரிந்தால் எத்தனை கிலோ நீர் வரும்? சமன்பாட்டில் நீருக்கு முன்னால் நாலைப் போடாமல், நாலரை கிலோ என்று முடித்திருந்தது ஒரு கூட்டம். ஒழுங்காகப் போட்ட சிலரும் பதினெட்டு என்று எழுதிவிட்டு, பயந்துபோய் அதை அடித்துப் பதினொன்று ஆக்கியிருந்தார்கள். நாசமாய்ப் போக!

"காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேருது, எடை கூடத்தான் செய்யும்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேன். ஒருத்தனாவது நம்புறானா பாரு!" என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

அவள் ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, இந்தக் குளிருக்கென்று புதிதாக வாங்கிய கேஸ் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

"பதினெட்டு கிலோன்னா ஒரு குடத்துக்கு மேலயே வரும்ல? அவ்வளவு தண்ணியும் எங்கங்க போகும்?"

"ஆவியாகி மேல..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

ஹீட்டரைப் பார்த்தார். சாத்திய ஜன்னலைப் பார்த்தார். அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார். அடக் கடவுளே!



மேலே சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் வாசலில் வந்து நின்றார். தலை, புருவம் எல்லாம் சிமெண்ட் தூசி. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவராகவே வாய் திறந்தார்.

"மொத்தமும் உடைச்சாச்சுடா. பொட்டு ஈரம் இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல, நீதான் படிச்சவன், நீயே சொல்லு."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா உடைச்சுப் பாருண்ணே."

அண்ணன் தலையாட்டிவிட்டுப் படியேறினார்.