ஏற்புரை

மூன்றாவது இட்லியைப் பிய்த்தபோதுதான் தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியின் பின்வாசல். வாசலை ஒட்டிப் பிணவறை.

உள்ளே அவருடைய ஒரே மகன் பரிதி கிடக்கிறான். நேற்று மாலை புறவழிச்சாலையில் லாரி அடித்துவிட்டது.

மைத்துனன் போலீஸ் காகிதங்களோடு அலைந்துகொண்டிருந்தான். டீயாவது குடித்துவிட்டு வரச்சொல்லி இவரை அனுப்பியதும் அவன்தான்.

டீக்குத்தான் வந்தார். இட்லி யார் கேட்டது?

அவர்தான் கேட்டிருக்க வேண்டும். கடையில் வேறு ஆள் இல்லை.

வீட்டில் கோமதி நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடக்கிறாள். பெற்றவளுக்கு அப்படி. இவருக்கோ பசித்தது. வெட்கங்கெட்ட பசி.

பரிமாறுகிறவர் வாளியோடு வந்தார். இவர் விரல் தன்னால் இலையின் ஓரத்தைக் காட்டியது.

"சட்னி" என்றார்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது.

இந்த இடத்தை அவர் முன்பே படித்திருக்கிறார்.

படித்தது மட்டுமா? கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார்.

புதிதாக எந்த நாவல் வந்தாலும் முதலில் படித்துவிடுகிற ஆள் அவர். தமிழ் மட்டுமில்லை. வங்காளம், மலையாளம், கன்னடம் என்று எங்கிருந்து மொழிபெயர்த்து வந்தாலும் விடமாட்டார். ஊர் வாசகர் வட்டத்தில் அவர் எழுந்தால் எழுதியவர்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். பக்க எண்ணோடு பேசுவார். எத்தனையோ நாவல்களில் எத்தனையோ பிள்ளைகள் செத்துப்போயிருக்கிறார்கள். அத்தனை சாவுக்கும் அவர் மதிப்பெண் போட்டிருக்கிறார்.

ஞானதாஸின் நாவலுக்குப் போன மாசி மாதம் கூட்டம் நடந்தது.

ஞானதாஸ் மின்வாரியத்துக்காரர். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. நாவலைப் பற்றிப் பேசத்தான் நேரம் இருந்தது.

அந்த நாவலில் ஒரு தகப்பன் வருகிறான். மகனைப் பிணவறையில் போட்டுவிட்டு எதிர்க்கடையில் இட்லி தின்கிறான். சட்னி கேட்டு வாங்கித் தின்கிறான்.

இவர் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பெத்த பிள்ள உள்ள கெடக்கான். எந்தத் தகப்பனாவது இன்னொரு கரண்டி சட்னி கேப்பானா? இது வாழ்க்கையிலேர்ந்து வந்த எழுத்தா, மேஜையிலேர்ந்து வந்த எழுத்தா?"

நல்ல கைதட்டல். ஒருத்தர் சிரித்தேவிட்டார்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டும். கடைசியில்தான் ஏற்புரை. தன் பக்கத்து நியாயத்தை அப்போது சொல்லிக்கொள்ளலாம். சிலர் சண்டைக்கு வருவார்கள். சிலர் அழுதிருக்கிறார்கள்.

ஞானதாஸ் மேடையேறினார். அண்ணாச்சி நன்றாகவே வாசித்திருக்கிறார்கள் என்றார். நன்றி சொன்னார். இறங்கிவிட்டார்.

பதில் இல்லாததால்தான் பேசாமல் போகிறார் என்று இவர் நினைத்தார். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எதிர் நாற்காலி நகர்ந்தது.

நிமிர்ந்தார்.

ஞானதாஸ்.

சேதி கேட்டு நேராக வந்திருக்கிறார் போல. வேலைக்குப் போகிற சட்டை. கையில் ஹெல்மெட்.

இவருக்கு முதலில் இலையை மூட வேண்டும் என்றுதான் தோன்றியது. எதைப் போட்டு மூடுவது? விரலெல்லாம் இட்லி. இந்த ஆள் எழுதியதை ஊர்கூட்டிப் பொய் என்று சொல்லிவிட்டு, இந்த ஆள் கண் முன்னாலேயே இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது. எதையாவது சொல்ல வாயைத் திறந்தார். வாய்க்குள்ளும் இட்லி இருந்தது.

பரிமாறுகிறவர் வாளியோடு இன்னும் அங்கேயே நின்றார்.

ஞானதாஸ் அவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்குச் சட்னி ஊத்துங்க."

ஒரு கரண்டி விழுந்தது.

"சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றார். "கூப்பிட இன்னும் நேரம் கெடக்கு. இந்த மாதிரி எடத்துல பசிக்கத்தான் செய்யும்."

தனக்கு எதுவும் வேண்டாம் என்று கடைக்காரரிடம் கை காட்டினார். சாலைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட அந்த வாசல் பக்கம் திரும்பவில்லை.

அவர் திரும்பாமல் இருப்பதை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"உங்க பையனுக்கு..." என்று ஆரம்பித்தார். "என்ன வயசு தம்பி?"

ஞானதாஸ் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாவல்ல போட்டிருந்தேனே அண்ணாச்சி. அதான்."

இவர் யோசித்தார்.

இரண்டு முறை படித்த நாவல். சட்னி வருகிற பக்கத்தின் எண் இப்போதும் நினைவிருந்தது. அந்தப் பத்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதும் நினைவிருந்தது.

அந்தப் பிள்ளையின் வயது நினைவில் இல்லை.

ஞானதாஸ் காத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

சாலைக்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பின்வாசலைத் திறந்துகொண்டு வந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"பரிதி. இருபத்திமூணு வயசு. ஆளு யாரு?"