காவல் முறை

"என் பேரை அந்த முறையில சேர்க்காதேக்கா" என்றபடி, வளைக்குள் இருந்த மண்ணை வெளியே தள்ளினான் கருவாலி நண்டு.

வயல் நண்டுகள் பழைய ஓட்டைக் கழற்றியதும் சில நாட்களுக்கு உடம்பு மெத்தென்றிருக்கும். அப்போது மற்ற நண்டுகள் முறை வைத்து வளை வாசலில் காவல் நிற்கும். ஆள் சேர்க்க வந்திருந்தவள் பொன்னி. அப்படி நின்ற ஒரு நாளில் கொக்கிடம் ஒரு கொடுக்கைப் பறிகொடுத்தவள்.

"நல்லா இருக்கிறவன் எதுக்கு வெயில்ல காயணும்? என்னைக் கொத்தினா கொக்குக்குத்தான் அலகு உடையும்."

"சரி தம்பி, கொக்கு பாவம்" என்று பொன்னி போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் கருவாலிக்கு முதுகு அரித்தது. மதியத்துக்குள் ஓடு பின்பக்கமாகப் பிளந்து கழன்றது. கொடுக்கை ஊன்றிப் பார்த்தான், அது வளைந்தது. வளை வாசலில் கொக்கின் கால் நிழல் இரண்டு தடவை விழுந்து விலகியது.

"அக்கா" என்று கூப்பிட்டான்.

பொன்னி வந்து, மிச்சமிருந்த ஒற்றைக் கொடுக்கை வெளிப்பக்கம் வைத்து வாசலை அடைத்து உட்கார்ந்தாள்.

"நான்தான் முறையில இல்லையேக்கா..."

"தெரியும். பேசாம கிட. கொக்குக்குக் காது கேட்கும்."

ஓடு இறுகப் பத்து நாளானது. அடுத்த நாள் காலை, வேறொரு வளைக்குக் காவல் நிற்கப் பொன்னி வந்தாள். அங்கே வாசலை அடைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி கருவாலி உட்கார்ந்திருந்தான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு நத்தை பொறுக்கப் போனாள்.