தேறாத ஆள்

“தேறாத ஆளை விட்டுடுங்க. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதீங்க.”

ஆன்லைன் விளையாட்டின் அரட்டையில் அவள் எழுதி அனுப்பினாள். பதில் மெதுவாக வந்தது. “பாவமா இருக்காதா?”

“மொதல்ல இருக்கும். போகப்போகப் பழகிடும்.”

திரையில் ஒரு வில்லாளி முட்டிபோட்டுச் சரிந்து மறைந்தான். மின்மினி என்ற பெயரில் புதிதாக ஆட வந்திருந்த ஆள், கைவிளக்கோடு அவன் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. மின்மினி எடுத்திருந்தது ஹீலர் பாத்திரம். அடிபட்டவர்களைக் குணமாக்குவதுதான் அதற்கு வேலை. முன்னால் நின்று அடி வாங்குவது அவள் வேலை. பின்னால் நிற்பது நல்ல ஹீலராக இருந்தால்தான் அவள் பிழைப்பு ஓடும் என்பதால், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“கிடைக்கிற புள்ளியெல்லாம் சக்தியில போடுங்க, வாள்ல போட்டு வீணடிக்காதீங்க. சண்டையை வேடிக்கை பாக்காம எங்க தலைக்கு மேல தெரியற உயிர்க்கோட்டைப் பாருங்க. விஷம் ஏறியிருந்தா அதை எறக்கிட்டுத்தான் காயத்துக்கு வரணும். உங்க சக்தி கொஞ்சம்தான். பொழைக்கிற ஆளுக்கு மட்டும் குடுங்க.”

“டாக்டருக்குப் படிக்கிறதே சுலபம் போல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “புதுசா வர்றவங்க எல்லாம் வாளைத்தான் தூக்குவாங்க. நீங்க எதுக்கு இதை எடுத்தீங்க?”

“எங்க வீட்ல ஒருத்தங்க கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் ஆடறாங்க. நானும் கூட நின்னா ரெண்டு வார்த்தை பேசலாமேன்னு.”

புதிதாகக் கல்யாணமான பெண்ணாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தப் புருஷன்மேல் கோபம்கூட வந்தது.

“இருங்க, வாசல்ல யாரோ.” மின்மினியின் விளக்கு அசையாமல் நின்றது.

ஹெட்போனைக் கழற்றாமலே அவள் மேசையைப் பார்த்தாள். டீ ஆறிப் போயிருந்தது. ஏடு படியாமலிருக்க மேலே ஒரு சின்னத் தட்டு. ‘மீட்டிங்’ என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொள்ளும் நாளெல்லாம், மாமியார் ஊன்றுகோலைக்கூடச் சத்தமில்லாமல் ஊன்றி உள்ளே வந்து, டீயை வைத்துவிட்டு, கதவை மறுபடி மெல்லச் சாத்திவிட்டுப் போவார். அந்தத் தட்டைத் தொடாமல் அவள் திரைக்குத் திரும்பினாள்.

கைபேசி ஒளிர்ந்தது. கணவன். “அம்மாகிட்ட சொல்லிட்டியா இல்லையா? காலையில வண்டி வந்துடும். நீ சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க.”

மாமியார் குளியலறையில் இரண்டு தடவை விழுந்தாகிவிட்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லித்தான் முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். பகல் முழுக்க அவள் வீட்டில்தான் இருந்தாள். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

“வந்துட்டேன்,” என்றது மின்மினி.

முகம் தெரியாத ஆளிடம் மனம் தானாகத் திறந்துகொள்கிறது. ‘எங்க அத்தை’ என்று தொடங்கினாள். அழித்தாள். “எங்க வீட்ல வயசானவங்க ஒருத்தங்க. நாளைக்குக் காலையில ஹோம்ல கொண்டு விடப் போறோம். அவங்களுக்கு இன்னும் தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு வாய் வரமாட்டேங்குது.”

விளக்கு வெகுநேரம் அசையவில்லை. அதற்குள் பாறைக்குப் பின்னாலிருந்து அரக்கன் பாய்ந்துவிட்டான். அவளுடைய உயிர்க்கோடு சிவந்து, நூலாக இளைத்தது. இனித் தேறாது என்று அவளே கையை எடுத்துவிட்டாள்.

மின்மினி ஓடி வந்தது. வரக்கூடாது என்று சொல்லியிருந்த இடத்தில், அவளுக்கு முன்னால் வந்து நின்று, இருந்த சக்தி அத்தனையையும் அவள்மேல் கொட்டியது. அவள் எழுந்தாள். மின்மினி விழுந்தது.

“என்ன சொல்லிக்குடுத்தேன், என்ன பண்றீங்க! இந்த லட்சணத்துல நீங்க உருப்பட்ட மாதிரிதான்.”

“மனசு கேக்கல,” என்று வந்தது. கொஞ்சம் கழித்து, “அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பயப்படாம போய்ப் பேசுங்க.” அதோடு அந்தப் பெயர் அணைந்துவிட்டது.

யாரோ முதுகில் தட்டிக்கொடுத்ததுபோல இருந்தது. இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று, டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள்.

கூடத்து மேசையில் அவள் பெயருக்கு ஒரு பார்சல் இருந்தது. உள்ளறையில் மாமியார் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பை.

“பார்சல் வந்துச்சும்மா. நீ மீட்டிங்ல இருக்கியேன்னு நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சேன்.”

“சரி அத்தை... இந்தப் பை...?”

“துணிமணிதான். காலையில அவசரத்துல எதையாவது விட்டுடுவேன்.”

அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் படம் பார்க்கவென்று மகன் வாங்கிக்கொடுத்த டேப்லெட் மாமியாரின் மடியில் இருந்தது. அதை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் பத்திரமாகச் செருகினார்.

“அத்தை, நானே சொல்லணும்னுதான்... எனக்கு எப்படின்னு...”

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. பாடத்தைச் சரியாக ஒப்பிக்க நினைக்கும் குழந்தையைப்போலச் சிரித்தார்.

“எதுக்கும்மா அழறே? தேறாத ஆளை விட்டுடணும்னு நீதானே சொல்லிக்குடுத்தே?”